அம்மம்மாவின்ர பனங்காய்ப் பணியாரம்: கையளவில இருந்ததைக் கொப்பிக்குக் கொண்டு வந்த கதை, செய்முறையோட

எங்கட அம்மம்மா மோசம் போய் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குத் தான் விசயம் பிடிபட்டது, வீட்டில இத்தினை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் அவவின்ர பனங்காய்ப் பணியாரத்தை முழுசாச் செய்யத் தெரியாது. எல்லாரும் சாப்பிட்டவை, எல்லாரும் பக்கத்தில இருந்து பழம் பிசைஞ்சு குடுத்தவை, ஆனா களி, அதாவது பனம்பழத்தில பிசைஞ்செடுக்கிற கூழ், அதைக் காய்ச்சிறது மா சேர்க்கிறது எண்டு வந்தா மனுசி ஒருத்தரையும் கிட்ட விடாது, "தள்ளி நில் மோனை, தெறிக்கும்" எண்டு விரட்டிப்போடும். கடைசியில கடையில வாங்கின பைக்கற் ஒண்டைப் பிரிச்சு வாழையிலையில வைச்சுப் படைச்சம். படையல் முடிஞ்சு வடையும் மோதகமும் முடிஞ்சுது, அந்தப் பணியாரம் மட்டும் வைச்சபடி கிடந்தது, பின்னேரம் அம்மா அதை எடுத்துக் காகத்துக்குப் போட்டவ.

அதுக்குப் பிறகு மூண்டு ஆவணி போயிட்டுது. மூண்டு சீசனும் பழுதாக்கிப் பழுதாக்கித் தான் இப்ப கொஞ்சம் கை வந்திருக்கு. அதை இதில எழுதுறன். பணியாரம் செய்யத் தெரிஞ்ச ஆக்களுக்குச் செய்முறை புதுசா இருக்காது, ஆனா உங்கட வீட்டிலயும் ஒரு அம்மம்மாவோ அப்பாச்சியோ ஒரு பலகாரத்தைத் தன்னோட கொண்டு போயிருந்தா, அதை எப்பிடித் திரும்பப் பிடிக்கிறது எண்ட பகுதி உதவலாம். அதைத் தான் முதல்ல சொல்லுறன், அடுப்புப் பேந்து.

பழம் தேட முதல் ஆக்களைத் தேடுங்கோ

நான் விட்ட முதல் பிழை, எல்லாரிட்டயும் "அம்மம்மா பணியாரம் எப்பிடிச் செய்யிறவ?" எண்டு கேட்டது. அப்பிடிக் கேட்டா வாற மறுமொழி ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச மறுமொழி தான், களியைக் காய்ச்சு, சீனியைப் போடு, மாவைப் போடு, சுடு. அதில அம்மம்மா இல்லை.

சின்னச் சின்னக் கேள்வியாக் கேளுங்கோ. எந்தச் சட்டியில காய்ச்சினவ? அகப்பையோ கரண்டியோ? அடுப்புக்கு என்ன வைச்சவ, கங்குமட்டையோ தென்னம் மட்டையோ? களி ஆறினதெண்டு எப்பிடிப் பாத்தவ? ஆருக்கு முதல் குடுத்தவ? எங்கட பெரியம்மா "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லையடி" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ, "சுடேக்க எங்க இருந்தவ?" எண்டு கேட்ட உடன, குசினிக்கு வெளியில தாவாரத்தில மூண்டு கல்லு வைச்சு, பலகைக்கட்டையில குந்தி, இடது பக்கம் கிண்ணத்தில தண்ணி வைச்சு விரலை நனைச்சு நனைச்சு எண்டு படம் மாதிரிச் சொல்லத் தொடங்கிட்டா. அந்தத் தண்ணிக் கிண்ணம் எனக்குத் தெரியாத விசயம், பிறகு அது தான் பெரிய உதவியாப் போச்சு, கீழ சொல்லுறன்.

வெறும் இருப்பில இருந்து கேக்காதேங்கோ, வெங்காயம் உரிச்சுக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ கேளுங்கோ, கை வேலை செய்யேக்க வாய் தன்ர பாட்டில வரும். போனில ரெக்கோர்டிங்கைப் போட்டுச் சீலைத்துண்டுக்குப் பக்கத்தில வைச்சு விடுங்கோ, கேட்டுச் சொல்லிப்போட்டு வைச்சாச் சரி. சொந்தக்காரரோட நிப்பாட்டாம பக்கத்து வீட்டு ஆச்சியிட்டயும் கேளுங்கோ. பிள்ளையளை விரட்டின மனுசி பக்கத்து வீட்டு ஆச்சியை விரட்டியிருக்க மாட்டா எல்லோ.

இன்னுமொண்டு, இது தான் எனக்கு ரெண்டு சீசன் விளங்காம இருந்தது. ஒவ்வொருத்தரும் சொன்ன பணியாரம் ஒவ்வொண்டா இருந்தது. பெரியம்மா சொல்லுறா அம்மாவின்ர பணியாரம் நல்ல இனிப்பு, விரலில பிசுபிசுக்கும் எண்டு. ரொறன்ரோவில இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில சண்டை, இனிப்பே இல்லை, கறுப்பா மொறுமொறு எண்டு இருக்கும், சில நேரம் பனங்கட்டி மணக்கும் எண்டு. எங்கட அம்மா ரெண்டுக்கும் நடுவில. நானும் ஆர் பொய் சொல்லுறது எண்டு தான் யோசிச்சன். பிறகு ஒரு நாள் பழைய படங்கள் பாக்கேக்க தான் ஓடி வெளிச்சது, பெரியம்மா பிள்ளையா இருந்தது அறுபதுகளில, சித்தி பள்ளிக்கூடம் போனது தொண்ணூறுகளில. 90க்குப் பிறகு சண்டையோட அரசாங்கம் எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை, சீனியும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் தங்கம் மாதிரி, ஜாம் போத்தலில திரி போட்டு விளக்குக் கொளுத்தின காலம். அந்த நேரம் சீனி அள்ளிப் போட ஏலுமே? 95 ஒக்ரோபர் 30 சண்டையால சனம் ஒண்டா வெளிக்கிட்ட இடப்பெயர்வோட யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்தில இருந்து வந்த சொந்தங்கள் வடமராட்சிக் கரவெட்டியில எங்கட வீட்டிலயும் வந்து தங்கினவை, சீசன் முடியிற நேரம், அடிச்ச மழைக்குள்ள கிடந்த கடைசிப் பழங்களைப் பொறுக்கி, கோதுமை மா போதாம அரிசிமாவும் கலந்து, அம்மம்மா வீடு நிறைஞ்ச சனத்துக்குப் பணியாரம் சுட்டவவாம். சித்தியின்ர நாக்கில இருக்கிறது அந்தப் பணியாரம்.

பேந்து 2002 இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து சீனி மலிஞ்ச பிறகும் அவ பழைய இனிப்புக்குத் திரும்பிப் போகேல்லை. தடைக்காலத்தில கை அந்த அளவுக்குப் பழகிட்டுது எண்டு பெரியம்மா சொல்லுறா, இல்லை அம்மப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்ததால தான் எண்டு அம்மா சொல்லுறா. ரெண்டும் இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது இந்தக் கடைசிப் பணியாரம் தான்.

ஆனபடியா "அம்மம்மாவின்ர ரெசிப்பி" எண்டு ஒண்டைத் தேடி அலையாதேங்கோ. எந்த வருசத்துப் பணியாரம் எண்டு முதல் முடிவெடுங்கோ. கொப்பியில ஆர் சொன்னது எண்டு எழுதேக்க பக்கத்தில அவை அதைச் சாப்பிட்ட காலத்தையும் எழுதி வையுங்கோ, பாதிச் சண்டை அதோட தீரும்.

ஏனங்களை அளவுங்கோ

அம்மம்மாவிட்ட கப் இல்லை, தராசு இல்லை. களி மூக்குப்பேணியால, அதாவது மூக்கு வைச்ச பழைய குடிக்கிற பேணியால அளப்பா, சீனி பழைய கட்டிப்பால் ரின்னால, மா கையால. அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது "ரெண்டு பேணி களிக்கு முக்கால் ரின் சீனி" எண்டது. நான் விசர்த்தனமா ரெண்டையும் ஒரே கப் எண்டு நினைச்சு ரெண்டு கப் களி, முக்கால் கப் சீனி எண்டு போட்டன். ரெண்டு சீசனும் இனிப்புக் கூடிப் போச்சு, ஏன் எண்டு தெரியேல்லை.

பிறகு மாமா பரணில இருந்து அந்த மூக்குப்பேணியை எடுத்துத் தந்தவர். தராசில வைச்சு, வெறும் பேணியின்ர நிறையைக் கழிச்சு, தண்ணி நிரப்பிப் பாத்தன். ஒரு கிராம் தண்ணி ஒரு மில்லிலீற்றர், கணக்குச் சுகம். பேணி 420 மில்லி, ரின் 310 மில்லி. அப்ப அம்மம்மாவின்ர கணக்கு 840 மில்லி களிக்கு 230 மில்லி சீனி, நிறையில பாத்தா ஏறக்குறைய 200 கிராம். என்ர கப் கணக்கில 500 மில்லி களிக்கு 150 கிராம். அதாவது நான் காவாசி இனிப்புக் கூடப் போட்டுக்கொண்டு, அவவின்ர கை வரேல்லை எண்டு அழுதுகொண்டு இருந்திருக்கிறன்.

உங்கட வீட்டிலயும் பழைய பேணி, சுண்டு, சிரட்டை அகப்பை ஏதும் கிடந்தா எறிய முதல் அளந்து எழுதுங்கோ. ஏனம் போனா அளவும் போச்சு.

நாங்கள் இப்ப பாவிக்கிற கணக்கு, 80 - 90 சின்னப் பணியாரம் வரும்:

பனங்களி 840 மில்லி (எங்களுக்கு நாலு பழத்தில வந்தது, பழத்தின்ர பருமனைப் பொறுத்துக் கூடிக் குறையும்)
சீனி 200 கிராம்
அவிச்ச கோதுமை மா 300 இல இருந்து 400 கிராம் வரை, பாத்துப் பாத்து
உப்பு, இதைப் பற்றிக் கடைசியில சொல்லுறன்
சுட எண்ணெய் முக்கால் லீற்றர் அளவு, அம்மம்மா தேங்காயெண்ணெய் தான்

பழம்

நல்லூர்க் கொடி ஏறுற நேரமெண்டா எங்கட பக்கம் பழம் விழத் தொடங்கிடும், ஆவணி புரட்டாசி நல்ல காலம். மரத்தில ஏறிப் பறிக்கிறதில்லை, தானா விழவேணும். விடிய விடிய எழும்பிப் போனாத் தான் உண்டு, ஆறு மணிக்குப் பிறகு போனா மாடு சப்பினது தான் மிஞ்சும். மாமா சின்னனில ரோச் லைற்றோட நாலு மணிக்குப் போறவராம், "பனங்காய் விழுற சத்தத்தை வைச்சு எந்த மரம் எண்டு சொல்லுவன்" எண்டு இப்பவும் புழுகுவார்.

விழுந்து அண்டைக்கு, கூடினா அடுத்த நாள் பழம் எடுங்கோ. கையில பாரமா இருக்கவேணும், மணம் தள்ளி நிண்டாலும் வரவேணும், விழுந்து வெடிச்ச இடத்தில பூச்சி இருக்கக் கூடாது. தோல் கறுப்பா இருக்கிறதால உள்ள பழுதெண்டு நினைக்காதேங்கோ, உரிச்சா உள்ளுக்கு நல்ல செம்மஞ்சள்.

ஆனா முக்கியம் மரம். எல்லாப் பனையின்ர பழமும் ஒண்டில்லை, ஒரு மரத்தான் தேன் மாதிரி இருக்கும், பக்கத்து மரத்தான் வாயில வைக்க ஏலாத கைப்பா இருக்கும். அந்தக் கைப்புக்கு விஞ்ஞானத்தில பேர் ஃபிளாபெலிஃபெரின், பனைக்கு விஞ்ஞானப் பேர் பொராசஸ் ஃபிளாபெலிஃபெர், அதில இருந்து வந்த பேர். சப்போனின் எண்ட வகை, தண்ணியில சவுக்காரம் மாதிரி நுரைக்கும். சவுக்காரம் கிடைக்காத தடைக்காலத்தில பனங்காயைப் போட்டு உடுப்புத் தோய்ச்ச கதை எங்கட ஊரில வயசான ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், அந்த நுரையும் இந்தக் கைப்பும் ஒரே சாமான் தான். காய்ச்சினாலும் இது முழுசாப் போகாது. சீனியைக் கொட்டி மறைக்கப் பாத்தா இனிப்பும் கைப்பும் சேந்து இன்னும் மோசமா இருக்கும், அதையும் செய்து பாத்திட்டன்.

அம்மம்மா வேலிக்கரையில நிண்ட ஒரு பனையின்ர பழத்தை மட்டும் தான் பணியாரத்துக்கு எடுக்கிறவ, மற்றதெல்லாம் களியைக் காயவைச்சு எடுக்கிற பினாட்டுக்கும் மாட்டுக்கும். அந்த மரம் சண்டைக் காலத்திலயே பங்கர் மூடத் தறிச்சுப் போச்சுதாம், அதுக்குப் பிறகு எந்த மரத்தில எடுத்தவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவவைக் கேக்காம விட்ட கேள்வியளில இது தான் எனக்கு இண்டைக்கும் குத்துறது. இப்ப நான் செய்யிறது, ஒவ்வொரு பழத்தையும் பிசைய முதல் கரண்டி நுனியால கொஞ்சம் சுரண்டி நாக்கில வைச்சுப் பாக்கிறன், கைச்சா அந்தப் பழத்தைப் பக்கத்தில வைச்சிடுறன். ஒரு கைச்ச பழம் முழுச் சட்டியையும் கெடுக்கும். நல்ல பழம் கிடைச்ச மரத்துக்குக் கட்டையில நீல பெயின்ற் பூசி வைச்சிருக்கிறன், காணிக்காரரிட்டக் கேட்டுத் தான்.

பழம் கிடைக்காத ஆக்கள், வெளிநாட்டில இருக்கிறவை, போத்தலில அடைச்ச களியும் இப்ப விக்கினம், அதிலயும் செய்யலாம். அதில தண்ணி எவ்வளவு எண்டு தெரியாததால காய்ச்சிற நேரம் மாறும், அவ்வளவு தான்.

களி எடுக்கிறது

பழைய உடுப்பைப் போடுங்கோ. களியின்ர மஞ்சள் ஒட்டினா லேசில போகாது, தோய்க்கப் பாவிச்ச பழமே கறை பிடிக்குது எண்டு சிரிக்காதேங்கோ, அப்பிடித் தான்.

பழத்தைக் கழுவி, மேல இருக்கிற அந்தக் கட்டை மூடியைக் கழட்டி, கறுப்புத் தோலைக் கையால இழுத்து உரிச்சு எடுங்கோ. உரிக்க வராட்டி மெல்லிய நெருப்பில புரட்டிப் புரட்டிச் சுடலாம், தோல் சுகமாக் கழண்டு வரும். சுட்டாக் கைப்புக் குறையும் எண்டு அம்மம்மா சொல்லுவா. எனக்கெண்டா மணம் தான் மாறினமாதிரி இருந்தது, அந்தப் புகைஞ்ச மணம் பணியாரத்தில நல்லாவும் இருக்கும். பிறகு கொட்டை கொட்டையாப் பிரியுங்கோ, ஒண்டில இருந்து மூண்டு வரை இருக்கும்.

அகலமான சட்டியில ஒவ்வொரு கொட்டையையும் வைச்சு, கையில கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பிசைஞ்சு களியை இறக்குங்கோ. தண்ணி கூடக் கூடாது, நாலு பழத்துக்கு அரை ரம்ளர் காணும். கூட விட்டா பிசையிறது சுகம், ஆனா அந்தத் தண்ணி எல்லாத்தையும் பேந்து அடுப்பில நிண்டு நீங்கள் தான் வத்தவைக்க வேணும். தும்பு வெளிறி வருமட்டும் பிசையலாம், அதுக்கு மேல முறுக்கிப் பிழியப் போனா கசடும் காறலும் தான் வரும். நல்ல வெள்ளைத் துணியில, இல்லாட்டி கண் கொஞ்சம் பெரிய அரிதட்டில வடிச்செடுங்கோ. தும்பு ஒண்டு ரெண்டு தப்பினா விடுங்கோ, எங்கட பணியாரத்தில பல்லுக்க தும்பு மாட்டாட்டி அம்மம்மா செய்ததில்லை எண்டு பெரியம்மா சொல்லுறா.

பிளெண்டர் வேண்டாம், தும்பை அரைச்சு உள்ளுக்கு விட்டிடும், பேந்து வடிக்கவும் ஏலாது.

எடுத்த களியை வெளியில வைச்சிட்டு நித்திரைக்குப் போகாதேங்கோ, ஒரு நாளுக்குள்ள புளிச்சு நுரைக்கத் தொடங்கும். அண்டைக்கே காய்ச்சுங்கோ, இல்லாட்டி பையில போட்டு ஃபிரீசரில வையுங்கோ. எங்களுக்கு மாசக்கணக்கா நல்லா இருந்தது, சீசன் இல்லாத நேரத்தில திவசம் வாற ஆக்களுக்கு இது தான் வழி.

காய்ச்சிறது, அதாவது அம்மம்மா ஆக்களை விரட்டின இடம்

அடி தடிச்ச சட்டியில களியும் சீனியும் ஒண்டாப் போட்டு மெல்லிய நெருப்பில வையுங்கோ. கொதிக்கத் தொடங்கினா களி தெறிக்கும், சும்மா தெறிக்கிறதில்லை, ஒட்டிப் பிடிச்சுச் சுடும். எனக்கு மணிக்கட்டில இருக்கிற அடையாளம் முதல் சீசனில வந்தது. அதோட தான் எனக்கு விளங்கினது, மனுசி ரகசியம் காக்க எங்களை விரட்டேல்லை எண்டு. நீட்டுக் காம்பு அகப்பை எடுங்கோ, சின்னப் பிள்ளையளை வெளியில விடுங்கோ, கைநீட்டுச் சட்டை போட்டாலும் பிழையில்லை.

அடிப்பிடிக்க விடாமக் கிண்டிக்கொண்டே நிக்கவேணும், எங்கட அளவுக்கு 25 நிமிசம் மட்டில எடுக்கும். நிமிசத்தை நம்பாதேங்கோ, மூண்டு அடையாளம் இருக்கு. முதல் பச்சை மணம் போய் ஒரு பாணி மணம் வரும். பிறகு நிறம் வெளிறின மஞ்சளில இருந்து கடும் செம்மஞ்சளுக்கு மாறும். கடைசியா அகப்பையால சட்டியின்ர அடியில ஒரு கோடு கீறினா அது உடன மூடாம ஒரு மூச்சு விடுற நேரம் நிக்கும். அந்த மூண்டாவதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ஆச்சி, "கொம்மம்மா வாய்க்கால் வெட்டிப் பாக்கிறவ பிள்ளை" எண்டு. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாத விசயம் அது.

இறக்கி நல்லா ஆறவிடுங்கோ. சூட்டோட மாவைப் போட்டா கட்டி பிடிக்கும், தேவைக்கு மேல மாவும் இழுக்கும். நான் பின்னேரம் காய்ச்சி வைச்சு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தான் குழைக்கிறன்.

மா

இதில தான் எங்கட குடும்பம் ரெண்டாப் பிரியும். பெரியம்மா வறுத்த மா எண்டுறா, அம்மா அவிச்ச மா எண்டுறா. ரெண்டையும் ஒரே களியில பாதி பாதியாச் செய்து பாத்தன். பச்சைக் கோதுமை மாவில செய்தா இழுபட்டு ரப்பர் மாதிரி வரும், அது கோதுமைக்குள்ள இருக்கிற பசைத்தன்மையால. அவிச்சா அது செத்துப்போகும், அதால உள்ளுக்கு மெத்தெண்டு வருது. வறுத்தா மணம் கூட, ஆனா அடுத்த நாள் கொஞ்சம் இறுகுது. அம்மம்மா புட்டுக்கு எப்பவும் மா அவிச்சு அரிச்சு ரின்னில போட்டு வைக்கிறவ, அந்த ரின்னில இருந்து தானே பணியாரத்துக்கும் அள்ளியிருப்பா எண்டு அம்மா சொன்னது எனக்குச் சரியாப் பட்டது. பெரியம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளேல்லை.

துணியில கட்டி, ஓலையால இழைச்ச நீத்துப்பெட்டியிலயோ ஸ்ரீமரிலயோ அரை மணித்தியாலம் அவிச்சு, சூட்டோட உதிர்த்து, அரிதட்டில அரிச்சு எடுங்கோ. ஆறினாப் பிறகு அரிக்கப் போனா கல்லு மாதிரிக் கட்டியோட சண்டை பிடிக்க வேண்டி வரும்.

ஆறின களிக்குள்ள உப்பைப் போட்டு, முதல் 300 கிராம் மாவைச் சேர்த்துக் கையால குழையுங்கோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமா. ரொட்டி மா மாதிரி இறுகக் கூடாது, தோசை மா மாதிரி ஓடவும் கூடாது, விரல் நுனியால கிள்ளி எடுத்தாக் கையை விட்டு மெதுவாக் கழண்டு விழவேணும். ஒரு அரை மணித்தியாலம் மூடி வைச்சா மா களியைக் குடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகும், அதையும் கணக்கில எடுங்கோ.

தடைக்காலத்துப் பணியாரம் வேணுமெண்டா மாவில மூண்டில ஒரு பங்கு அரிசிமா கலவுங்கோ, சீனியில பாதிக்குப் பனங்கட்டியைத் தட்டிப் போடுங்கோ. கறுப்பா மொறுமொறுப்பா வரும். சித்திக்கு வீடியோவில காட்டினனான், கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காம இருந்திட்டு "ஓம், உது தான்" எண்டா.

சுடுறது

தாச்சியில எண்ணெய் நல்லாக் காய்ஞ்ச பிறகு நெருப்பைக் குறைச்சு நடுத்தரத்தில வையுங்கோ. சூடு பாக்கிற மீற்றர் இருந்தா 160 - 165 பாகை. இல்லாட்டி ஒரு கிள்ளு போட்டுப் பாருங்கோ, அடிக்குப் போய் ரெண்டு மூண்டு செக்கனில மிதந்து வரவேணும். போட்ட உடன மேல குதிச்சா சூடு கூட, வெளிய கருகி உள்ள மா வேகாது. இதில சீனியும் இருக்கு பழமும் இருக்கு, அதால மற்றப் பலகாரத்தை விடக் கெதியாக் கறுக்கும்.

இப்ப அந்தத் தண்ணிக் கிண்ணம். விரல் நுனியை நனைச்சு உதறிப்போட்டுக் கிள்ளினாத் தான் மா விரலில ஒட்டாம விழும், உருண்டையாயும் வரும். நான் முதல் ரெண்டு வருசமும் தண்ணி இல்லாமச் செய்து, வால் முளைச்ச பணியாரமா வந்தது, வடிவில்லை. உதறாம ஈரத்தோட போனா எண்ணெய் வெடிக்கும், கவனம். விரலால போடப் பயமெண்டா ரெண்டு தேக்கரண்டியால தள்ளி விடுங்கோ, அம்மம்மா சிரிப்பா, பரவாயில்லை.

பாக்களவை விடக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ, தாச்சி நிறைய நெருக்க வேண்டாம். 5 நிமிசம் மட்டில புரட்டிப் புரட்டிச் சுட்டு, கடும் மண்ணிறம் வந்த உடன அரிகரண்டியால அள்ளுங்கோ. எடுத்த பிறகும் நிறம் இன்னும் ஒரு படி கூடும். ஒண்டைப் பிச்சு உள்ளப் பாருங்கோ, பசை மாதிரி இருந்தா நெருப்பை இன்னும் குறையுங்கோ.

முதல் ஈட்டில வாறதை அடுப்புக்குப் பக்கத்தில ஒரு துண்டு வாழையிலையில பிள்ளையாருக்கு எண்டு வைக்கிறவ அம்மம்மா. வைச்சு ரெண்டு நிமிசத்தில நாங்கள் களவெடுத்திடுவம், அவவும் காணாத மாதிரி மற்றப் பக்கம் பாப்பா.

விடியுமட்டும் தொடாதேங்கோ

சுட்ட உடன சாப்பிட்டுப் பாத்து "ஐயோ சரி வரேல்லை" எண்டு சொல்லாதேங்கோ. சூட்டோட சாப்பிட்டா எண்ணெயும் மாவும் தான் தெரியும், கொஞ்சம் காறும். சுளகில கடதாசி விரிச்சுப் பரவி, முழுசா ஆறினாப் பிறகு மூடி போட்ட ரின்னில போட்டு வையுங்கோ. அடுத்த நாள் தான் பழ மணம் மேல வரும், வெளித்தோலும் உள்ளும் ஒண்டாகும். அதால திவசத்துக்கு முதல் நாள் சுடுங்கோ, காலமை அவசரத்தில சுடாதேங்கோ. ஈரக்கை போடாம இருந்தா நாலைஞ்சு நாள் வெளியில நிக்கும், எங்கட வீட்டில அதுக்கு மேல நிண்டதில்லை.

பங்கு, பார்சல், கொட்டை

மூண்டாம் ஆண்டுத் திவசத்துக்குத் தான் எங்கட கையால சுட்ட பணியாரம் இலைக்கு வந்தது. படைச்சு எடுத்தாப் பிறகு அம்மம்மா செய்யிற மாதிரி எண்ணி எண்ணிச் சொப்பிங் பாக்கில போட்டு வீடு வீடாக் குடுத்தம், வெறும் பையாத் திரும்பி வரக்கூடாதெண்டு அவையும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்டு விட்டினம்.

கொட்டையளை எறியாதேங்கோ. பின் வளவில பாத்தி போட்டு அடுக்கி மண் மூடிவிட்டா தை மாசமளவில பனங்கிழங்கு கிண்டலாம், அவிச்சு இடிச்சும் சாப்பிடலாம், அவிச்சுக் காயவைச்சுப் புழுக்கொடியலும் போடலாம். அது வேற ஒரு நாள் எழுதவேணும், பாத்தி போடுறதில மாமாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுக்கு ஆரிட்டையும் குடுத்து விடுறதெண்டா சுட்டு முழுசா ஒரு நாள் ஆறவிட்டுத் தான் பைக்கற் பண்ணவேணும். சூட்டோட மூடினா உள்ளுக்கு வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி சுத்தி, அதுக்கு மேல இறுக்கமான பை. போன ஆவணியில ஊருக்கு வந்திட்டுப் போன ஒருத்தரிட்ட அப்பிடித் தான் சித்திக்கு ஒரு பார்சல் குடுத்து விட்டனான். மூண்டாம் நாள் இரவு வட்ஸ்அப்பில வொய்ஸ் வந்தது. மணம் சரியாம், நிறம் சரியாம், அந்தப் பொருளாதாரத் தடை எல்லாத்தையும் மறந்திட்டு இனிப்பும் சரியெண்டுறா. பேந்து சப்பிக்கொண்டே, "உப்புக் காணாதடி. அம்மா உப்பை நல்லாப் போடுறவ, கடைசியா நாக்கில உப்புத் தான் நிக்கும்" எண்டா. அம்மாட்டக் கேட்டன், ஓமெண்டா. பெரியம்மாட்டக் கேட்டன், அவவும் ஓம். மூண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம், மூண்டு வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

கொப்பியில அரைத் தேக்கரண்டி எண்டு இருந்ததை வெட்டி, மட்டமா ஒரு தேக்கரண்டி எண்டு எழுதியிருக்கிறன். 840 மில்லி களிக்கு. வாற ஆவணியில பாப்பம்.